மூன்றாம் எண் மோகம்: ஃபேர்வே வுட் வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓராண்டு ஆனவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிரைவர் இருக்கிறது, அயர்ன் செட் இருக்கிறது, அடுத்து எந்த ஃபேர்வே வுட் வாங்கலாம்?" (டிரைவர் என்பது ஆட்டத்தைத் தொடங்கும்போது நெடுந்தூரம் அடிக்கும் மட்டை; அயர்ன் என்பது மெலிந்த உலோகத் தலை கொண்ட, குறைந்த தூரத்துக்கான மட்டை; ஃபேர்வே வுட் இரண்டுக்கும் இடைப்பட்டது.) பக்கத்தில் நிற்பவர் யோசிக்காமலே சொல்வார்: "மூன்றாம் எண் வுட் வாங்குங்கள்." ஏன் மூன்று என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நானும் அப்படி வாங்கியவன்தான். கடையில், பந்து போகும் தூரத்தைக் கணித்துக் காட்டும் திரைக்கு முன்னால் நின்று இருபது பந்துகள் அடித்தேன். அதில் ஒன்றுக்கு 221 கஜம் என்று திரை காட்டியது. அந்த ஒரு பந்துக்காகத்தான் பணம் கொடுத்தேன் என்று இப்போது புரிகிறது. மைதானத்துக்குப் போனபின் அந்த 221ஐ நான் மறுபடி பார்க்கவே இல்லை. புல்லிலிருந்து அடித்தால் பந்து முழங்கால் உயரத்தில் பாய்ந்து, 130 கஜத்தில் தரையைத் தொட்டு, மிச்சத்தை உருண்டே கடக்கும். பிடியைக் குறை சொன்னேன், தோளைக் குறை சொன்னேன், புல்லைக்கூடக் குறை சொன்னேன். மட்டையை மட்டும் சந்தேகிக்கவில்லை. மட்டையிலும் குறை ஒன்றுமில்லை; என் வேகத்துக்கு ஏற்ற மட்டை அது இல்லை, அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

வுட்டில் மரம் எங்கே?

டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் ஆட்டத்தைத் தொடங்கும் மேடை. கிரீன் என்பது குழி இருக்கும், கம்பளம் போல் மழித்த புல்தரை. இரண்டுக்கும் நடுவே ஒட்ட வெட்டிய நீண்ட புல்வெளிதான் ஃபேர்வே. மேடையில் நிற்கும்போது பந்தைச் சிறு முளைமேல் உயர்த்தி வைத்து அடிக்கலாம். ஃபேர்வேயில் அந்தச் சலுகை கிடையாது. பந்து கிடக்கும் இடத்திலேயே அடிக்க வேண்டும். அப்படித் தரையில் கிடக்கும் பந்தைத் தொலைவுக்கு அனுப்பப் பிறந்தது ஃபேர்வே வுட்.

ஒரு காலத்தில் அதன் தலை மரத்தால்தான் ஆனது. பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் கருங்காலியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றால் எவ்வளவு உறுதியான மரம் என்பது விளங்கும். 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகுத் தலையோடு சந்தைக்கு வந்தது. அதற்கு "பிட்ஸ்பர்க் பெர்சிமன்" என்று பட்டப்பெயர். பிட்ஸ்பர்க் எஃகுக்குப் பேர்போன ஊர். அதன்பிறகு மரம் மெல்ல விடைபெற்றது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எண்களுக்கும் பழைய கதை உண்டு. இரண்டாம் எண் வுட்டின் அடியில் பித்தளைத் தகடு இருக்கும் என்பதால் அதற்குப் பிராஸி என்று பெயர். மூன்றாம் எண்ணை ஸ்பூன் என்றார்கள். வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஃபேர்வே வுட் அடி எது என்றால், அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸில், 1935இல், அமெரிக்க வீரர் ஜீன் சாரசன் பதினைந்தாம் குழிக்கு அடித்தது. ஏறத்தாழ 235 கஜத்திலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் போனது. அதனால் முதலிடத்தில் இருந்தவரைச் சமன் செய்து, மறுநாள் நடந்த தீர்வாட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். தோற்றவர் பெயர் கிரெய்க் வுட் என்பது தற்செயல்தான். நமக்கு வேண்டிய செய்தி வேறு: சாரசன் கையில் இருந்தது நான்காம் எண் வுட்.

மேல்தொட்டியும் லாஃப்டும்

மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் நாளில் ரப்பர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குழாயைக் கிடைமட்டமாகப் பிடித்தால் தண்ணீர் காலடியிலேயே விழும். முனையைக் கொஞ்சம் தூக்கினால்தான் தள்ளியிருக்கும் குரோட்டன் செடியை எட்டும். மோட்டார் ஓடி அழுத்தம் நன்றாக இருக்கும்போது குழாயைத் தட்டையாகப் பிடித்தாலும் மதில் வரை போகும். வேகம் குறைந்தால் கோணம் கூட வேண்டும்.

மட்டையின் முகம் எவ்வளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதே லாஃப்ட். அதை டிகிரியில் சொல்வார்கள். பொதுவாக 3 வுட்டுக்கு 15 டிகிரி, 5 வுட்டுக்கு 18, 7 வுட்டுக்கு 21, 9 வுட்டுக்கு 24 என்று வைத்துக்கொள்ளலாம். எண் கூடக்கூடச் சாய்வு கூடும், பந்து மேலே போகும்.

குழாய் உவமை பாதி வழிதான் வரும். தண்ணீர் சுழல்வதில்லை, கோல்ஃப் பந்து சுழல்கிறது. சாய்ந்த முகம் பந்தைத் தொடும்போது பந்துக்குப் பின்சுழற்சி கிடைக்கிறது. அதாவது பந்து முன்னே போய்க்கொண்டிருக்க, அதன் மேல்பாகம் பின்பக்கமாகச் சுழல்கிறது. இந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளுகிறது, பதிலுக்குக் காற்று பந்தை மேலே ஏந்துகிறது. பந்தின் மேலுள்ள சிறு குழிகள் இருப்பதும் காற்றோடு நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகத்தான். பட்டம் விடத் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை: வேகமாக ஓடினால் பட்டம் ஏறும், மெதுவாக ஓடினால் தரையில் இழுபடும்.

இங்கேதான் 3 வுட்டின் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆண் வீரர் 3 வுட்டைச் சுழற்றும்போது தலையின் வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 15 டிகிரியே போதும், பந்து ஏறி 240 கஜம் பறக்கும். என் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரை ஒட்டி. அதே 15 டிகிரியில் என் பந்து போதுமான உயரத்துக்கு ஏறுவதற்குள் தூக்குவிசை தீர்ந்துவிடுகிறது. 18 டிகிரி கொடுத்தால் மேலே போகிறது, காற்றில் அதிக நேரம் தங்குகிறது, கடைசியில் 3 வுட் போன தூரத்தையே தொடுகிறது. சில நாள் தாண்டியும் போகிறது. "எண் சிறியது, ஆகவே தூரம் பெரியது" என்ற கணக்கு, வேகம் இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

இன்னொன்று. இந்த எண்களை இப்படித்தான் பொறிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 3 வுட் பதிமூன்றரை டிகிரியில் இருக்கலாம், இன்னொன்றின் 3 வுட் பதினாறரையில் இருக்கலாம். இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு "அந்தக் கம்பெனி நன்றாக ஏறுகிறது" என்று தீர்ப்புச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். ஒப்பிட்டது கம்பெனியை இல்லை, மூன்று டிகிரியை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: லாஃப்ட் என்பது முகத்தின் சாய்வு, அது உயரத்தையும் பின்சுழற்சியையும் தருகிறது, வேகம் குறைந்தவருக்கு அது கூடுதலாக வேண்டும், தலையில் பொறித்த எண்ணைவிட டிகிரியே நம்பத்தக்கது.

பதினாறு மில்லிமீட்டர்

மேசைமேல் ஓர் அளவுகோலை வைத்து அதன் நடுவில் சுண்டுங்கள். நேராக நகரும். ஓரத்தில் சுண்டினால் சுழலும். சுழற்சியிலேயே விசை செலவாகி, நகர்வது குறையும். அந்த நடுப்புள்ளிதான் ஈர்ப்பு மையம். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே இடத்தில் திரண்டிருப்பதாகக் கொண்டால் அந்த இடம் எதுவோ அது. அளவுகோலுக்கு அது நட்டநடுவில் இருக்கிறது. தஞ்சாவூர் ஆட்டப் பொம்மைக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது.

மட்டைத் தலைக்கும் இப்படி ஒரு மையம் உண்டு. பந்து அந்த மையத்துக்கு நேர் எதிரே பட்டால் விசை முழுதும் பந்துக்குப் போகும். தள்ளிப் பட்டால் தலை அளவுகோல் போலத் திரும்பும், பந்துக்குப் போகும் விசை குறையும்.

இனி கொஞ்சம் கணக்கு. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கெட்டியான தரையில் கிடக்கும் பந்தை, அடிப்பாகம் தரையை உரசியபடி வரும் 15 டிகிரி முகம் தொட்டால், தொடும் புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். சுண்டுவிரலின் அகலம். தலையின் ஈர்ப்பு மையம் அதற்கு மேலே இருந்தால் ஒவ்வோர் அடியும் மையத்துக்குக் கீழேதான் படும்.

டிரைவரால் தரையிலிருந்து அடிக்க முடியாமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது; இன்றைய டிரைவர்கள் பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன. அதன் மையம் முளைமேல் உயர்ந்திருக்கும் பந்துக்கு ஏற்ற உயரத்தில் இருக்கிறது. ஃபேர்வே வுட்டின் தலை அதில் பாதிகூட இராது. முகம் குட்டை, எடை அடியில். தஞ்சாவூர் பொம்மையின் தத்துவம்தான். கடையில் இரண்டு வுட்டுகளை ஒப்பிடும்போது, முகம் குட்டையாகவும் தலை பின்பக்கம் அகலமாகவும் இருப்பது புல்லிலிருந்து சுலபமாக ஏறும் என்று பெரும்பாலும் நம்பலாம். முகம் உயரமாக இருப்பது முளைமேல் வைத்து அடிக்க வசதி.

மையத்துக்குக் கீழே அடிப்பவர்கள் பந்தைக் கையால் தூக்கிவிட முயல்வார்கள். கரண்டியால் குழம்பின் அடியிலிருந்து காயை அள்ளுவது போல. அப்படி அள்ளும்போது மட்டை மேல்நோக்கிப் போகிறது, பந்தின் தலையைச் சீவுகிறது, பந்து இன்னும் தாழப் போகிறது. தூக்கும் வேலை லாஃப்டுடையது, கையுடையது இல்லை. லாஃப்ட் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் 7 வுட்டைக் கையில் கொடுத்தால் இந்த அள்ளும் பழக்கம் பலருக்குத் தானாகவே குறைகிறது. நான் கண்கூடாகப் பார்த்தது.

துறட்டியின் நீளம்

முருங்கைக்காய் பறித்தவர்களுக்குத் தெரியும். குட்டைத் துறட்டியால் காம்பைப் பிடிப்பது எளிது. நீளத் துறட்டியில் கொக்கி காம்பைச் சுற்றி வட்டமிடும், மாட்டாது. ஆனால் நீளத் துறட்டிதான் உயரக் கிளையை எட்டும்.

மட்டையின் தண்டை ஷாஃப்ட் என்கிறோம். 3 வுட் சுமார் 43 அங்குல நீளம். 7 வுட் அதைவிட ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைவு. நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும், முகத்தின் நடுவில் படும் வாய்ப்பு குறையும். ஷாஃப்ட் எவ்வளவு வளையும், எவ்வளவு எடை என்பதெல்லாம் தனிப் படிப்பு. தொடங்குபவர் டிரைவரில் எந்த வகை வைத்திருக்கிறாரோ அதையோ, அதைவிடச் சற்றுக் கனமானதையோ எடுத்தால் போதும்.

நடுவில் படாத அடிகளை மன்னிக்கும் குணம்தான் விளம்பரங்களில் எம்.ஓ.ஐ. என்று வரும். தமிழில் நிலைமத் திருப்புத்திறன். ஒரு பொருள் திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நீண்ட கழியைக் குறுக்கே பிடித்திருப்பது இதற்காகத்தான். எடை இருபக்கமும் விலகிப் பரவியிருந்தால் சட்டென்று சாய்வதில்லை. மட்டைத் தலையிலும் எடையை ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளினால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை குறைவாகத் திரும்பும். புதியவருக்குப் பெரிய தலை நல்லது என்பதற்கு இதுவே பொருள். அடர்ந்த புல்லுக்குள் கிடக்கும் பந்துக்கு மட்டும் பெரிய தலை தொல்லை, புல் இழுத்துப் பிடிக்கும்.

சுருக்கமாக: ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் பந்து எளிதாக ஏறும், ஷாஃப்ட் குட்டையானால் நடுவில் படும், எடை பரவியிருந்தால் தப்பிய அடியும் ஓரளவு தேறும். இவற்றில் முதல் இரண்டும் 3 வுட்டைவிட 5, 7 பக்கமே சாய்கின்றன.

பந்து எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது

தூரத்தில் இரண்டு வகை. காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் வரையான தூரம் பறப்புத் தூரம். உருண்டு நிற்கும் வரை மொத்தத் தூரம். நண்பர்கள் சொல்வது எப்போதும் மொத்தத் தூரம், அதிலும் கோடையில் காய்ந்த தரையில் கிடைத்த தூரம். முன்னால் ஒரு மணல்பள்ளமோ ஓடையோ இருந்தால் உங்களுக்கு உதவுவது பறப்புத் தூரம் மட்டுமே.

கிரீன் 170 கஜத்தில் இருக்கிறது, அதன் முகப்பில் மணல்பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 வுட் பந்து தாழ வந்து கிரீனைத் தொட்டாலும் சாய்கோணத்தில் வழுக்கிப் பின்பக்கம் போய்விடும். 7 வுட் பந்து உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும், சில அடிகளில் நிற்கும். கூரையில் எறிந்த கல் சறுக்குவதற்கும் தரையில் போட்ட கல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

7 வுட் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பெண்களின் தொழில்முறைப் போட்டிகளில் அது வெகுநாளாகப் புழங்குகிறது. அவர்களின் வேகம்தான் நம் வேகத்துக்கு நெருக்கம் என்பதால் பாடம் கற்க வேண்டிய இடமும் அதுவே. ஆண்கள் கௌரவம் பார்ப்பவர்கள் என்றால் ஒரு செய்தி: உலகிலேயே நெடுந்தூரம் அடித்தவர்களில் ஒருவரான டஸ்டின் ஜான்சன், 2020 நவம்பரில் மொத்தமே 268 முறை பந்தை அடித்து மாஸ்டர்ஸ் பட்டம் வென்று சாதனை படைத்தபோது அவர் பையிலும் ஒரு 7 வுட் இருந்தது.

அப்படியானால் 3 வுட் யாருக்கு? வேகம் உள்ளவர்களுக்கு. டிரைவர் கட்டுக்குள் வராமல், டீயிலிருந்து பத்திரமான ஒரு மட்டை வேண்டுபவர்களுக்கும். முளைமேல் வைத்து அடிக்கும்போது 3 வுட் அருமையான மட்டை. சுவீடன் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் டிரைவரை ஒதுக்கி அதை அடித்தே பேர் வாங்கியவர்.

கடையில் என்ன செய்வது

முதலில் வீட்டில் ஒரு கணக்கு. உங்கள் டிரைவரின் பறப்புத் தூரத்தையும், தடுமாற்றம் இல்லாமல் அடிக்க முடிகிற மிக நீளமான அயர்னின் பறப்புத் தூரத்தையும் எழுதுங்கள். எனக்கு 200, 145. நடுவே 55 கஜப் பள்ளம். விதிப்படி 14 மட்டைகள்தான் என்பதால் இந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டு, மிஞ்சினால் மூன்று இடம் கிடைக்கும். 185, 165 என்று நிரப்புவது பயன். 195இல் ஒன்றை வைப்பது டிரைவருக்குத் தம்பி வாங்குவது போல.

பிறகு ஒப்பீடு. மைதானத்தில் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள். ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்துகள் அடியுங்கள். மோசமானதை "இது கணக்கில்லை" என்று தள்ளாதீர்கள், மைதானத்தில் அதுவும் கணக்கில் வரும். பத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியைப் பாருங்கள், அதுதான் நடு எண். இரண்டாம் முறை நான் அப்படிச் செய்தபோது கிடைத்தவை இவை: 3 வுட்டில் அதிகபட்சம் 207, நடு எண் 166. 5 வுட்டில் அதிகபட்சம் 196, நடு எண் 179. 7 வுட்டில் அதிகபட்சம் 183, நடு எண் 171. அதிகபட்சத்தைப் பார்த்தால் 3 வுட் ராஜா. நடு எண்ணைப் பார்த்தால் மூன்றிலும் அதுவே கடைசி. இடம் வலமாக எவ்வளவு சிதறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக் கம்பளம் ஒரு பொய் சொல்லும். பந்துக்கு முன்னாலேயே மட்டை தரையில் பட்டாலும் கம்பளத்தில் வழுக்கிப்போய்ப் பந்தைத் தொட்டுவிடும், திரை நல்ல எண் காட்டும். புல்லில் அதே அடி மண்ணைப் பெயர்த்து நின்றுவிடும். முடிந்தால் ஒரு நாள் இரவல் வாங்கிப் புல்லில் அடியுங்கள். ஊட்டியில் ஆடிவிட்டு வந்து சென்னைக்கு மட்டை தேர்வு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது, பந்து கூடுதலாகப் போகும். கடற்கரை ஊரில் அது கிடைக்காது.

கழுத்தில் திருகாணி வைத்து லாஃப்டை மாற்றும் மட்டைகள் இப்போது ஏராளம். நல்ல வசதிதான், ஒன்றை மறக்காமல் இருந்தால்: லாஃப்டைக் கூட்டும்போது வலக்கை ஆட்டக்காரருக்கு முகம் சற்று இடப்பக்கம் மூடும். ஏற்கெனவே பந்து இடப்பக்கம் ஓடுபவர் திருகாணியைத் தொடுவதைவிட அதிக டிகிரியில் செய்த மட்டையையே வாங்கலாம். ஹைபிரிட் என்ற கலப்பு வகை பற்றியும் கேட்பார்கள். அயர்னுக்கும் வுட்டுக்கும் நடுவான சிறிய தலை, குட்டை ஷாஃப்ட். அடர்ந்த புல்லில் அது மேல். அதே டிகிரியில் வுட் அதைவிட உயரம் போகும். உங்கள் பந்து எங்கே அதிகம் கிடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விலை குறையட்டும் என்றால் நான்கைந்து ஆண்டு பழைய மாடலைத் தயங்காமல் வாங்குங்கள். ஆண்டுதோறும் நிறம் மாறுகிற அளவுக்கு உள்ளே இருப்பது மாறுவதில்லை.

கடைசியாக, காசில்லாத சோதனை ஒன்று. மட்டையின் முகத்தில் முகப்பவுடரை மெல்லப் பூசி ஐந்து பந்துகள் அடியுங்கள். பட்ட இடமெல்லாம் வட்டமாகத் தெரியும். வட்டங்கள் முகத்தின் கீழ்விளிம்பில் குவிந்தால் அந்த மட்டை உங்களுக்கு எட்டாத துறட்டி. பவுடர் வாங்கக்கூட நான் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு வழக்கமாகப் பை தூக்கும் கேடி, என் 3 வுட்டைத் துடைத்து உறையில் போடும்போது ஒருநாள் சொன்னார்: "சார், இதன் முகம் கடையில் வாங்கியபடியே புதிதாக இருக்கிறது. கீறலெல்லாம் அடியில்தான்."